பாடை திரும்பும் இடம்

ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பே கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை, இந்த ஊர் மழையின் குணப்படி, பெய்யலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிப் பெய்துகொண்டிருந்தது. பின்னால் மண்டபத்தில் ஒலிபெருக்கி இன்னும் கேட்டது. "அடுத்த நிகழ்ச்சியாக" என்று யாரோ தொடங்கினார்கள். நான் வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அடுத்தது. இருந்த கோபத்தில் திரும்பிப் போய் ஒயரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கால் திரும்பவில்லை. அது முன்னால்தான் போய்ப் பழகியது.

என் உடம்பில் இருந்தது என் சட்டை அல்ல. மேடையில் நிற்பதற்காகத் தமிழ்ச் சங்கத்தில் கொடுத்த ஜிப்பா. பட்டு என்றார்கள், பட்டுப்பூச்சி அந்தப் பக்கமே போயிருக்காது. நனைந்ததும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. பல பேர் போட்டுக் கழற்றி, சரியாகக் காயாமல் மடித்து, அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியின் வாடை. பேண்டு செட் கோட்டைப் போட்டவர்களுக்கு அந்த வாடை தெரியும். நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள்.

எங்கள் கோட்டு சிவப்பு. தோளில் மஞ்சள் குஞ்சம், பாதி உதிர்ந்தது. திண்டுக்கல்லில் பதினோரு பேர் கொண்ட செட். கோட்டு பதினொன்றும் ஒரே அளவு, ஆட்கள் பதினோரு அளவு. எனக்குக் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். "குரங்காட்டி வேலைக்கா மாப்ள கிளம்பிட்ட?" என்று அந்தோணி கேட்பான். அவனுடைய கோட்டுக்குள் இன்னொரு ஆள் நுழையலாம்.

கல்யாணத்துக்கும் அதே கோட்டு, சாவுக்கும் அதே கோட்டு. வித்தியாசம் தொப்பியிலும் செருப்பிலும். கல்யாணத்துக்கு இரண்டும் உண்டு, சாவு வீட்டில் இரண்டும் கிடையாது. கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் எங்களுக்கு இலை போடுவார்கள். சாவு வீட்டில் டீ வரும். மற்றவர்களுக்கு டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அப்போது இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பசிதான் வரும். கோபம் இருபது வருடம் கழித்து, ஆக்லாந்தில் ஒரு மேட்டில் ஏறும்போது, மொத்தமாக வந்தது.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன், இருவருக்கும் வருத்தமில்லை. பிறகு நூல் மில், லாரி கிளீனர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை, திருப்பூரில் சாயப்பட்டறை. எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் ஒட்டவில்லை. இருபத்து நான்கு வயதில் செட்டில் சேர்ந்தேன். சங்கீதம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடப்பியா என்று கேட்டார்கள். நடப்பேன் என்றேன். இன்றுவரை எனக்கு ஒரு ஸ்வரம் தெரியாது. சீட்டியடிக்கத் தெரியும், நடக்கிற காலுக்கு அடிக்கத் தெரியும்.

அந்தோணி கிளாரினெட். ஏறக்குறைய என் வயது. முன்பல் ஒன்று உடைந்திருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் ரீடு வாகாக உட்காருகிறது என்பான். வாசிக்காத நேரத்தில் வாய் ஓயாது. பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே, உதடு அசையாமல், அழுகிறவர்களில் யார் சொத்துக்காக அழுகிறார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். நான் டிரம்முக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். பார்ப்பவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல ஆள் என்று பெயர்கூட வந்தது.

செட்டில் இங்கிலீஷ் மெட்டுக்கெல்லாம் நோட்டு என்று பெயர். எங்களிடம் ஐந்தாறு இருந்தன. அவற்றில் ஒன்று தூக்கு நோட்டு. சாவு வீட்டில் காலையிலிருந்து சோக சினிமாப் பாட்டாக வாசிப்போம். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடையில் கட்டி, நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்குகிற நொடியில் சினிமாவை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவோம். துள்ளலான மெட்டு. வெளியூர்க்காரர் கேட்டால், சாவுக்கு என்ன இப்படி என்று முகம் சுளிப்பார். ஆனால் தூக்குகிற நான்கு பேரைப் பாருங்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை, ஒருவர் அழுகை, ஒருவர் குடி. இந்த நால்வரையும் சந்துக்குள் ஒரே காலடியாக நடக்க வைக்க வேண்டும். அந்த மெட்டுக்கு ஒத்து நடக்காத காலை நான் பார்த்ததில்லை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தோணி அன்றைக்கு வாயில் வந்த கதையைச் சொல்வான். ஒரு நாள், கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்குப் பழைய செட் மலையேறிப் போனபோது, தோட்டத்துத் துரை ஒருவர் பிடிலில் வாசித்ததைக் காதிலேயே தூக்கிக்கொண்டு இறங்கியது என்பான். இன்னொரு நாள், பட்டாளத்து பேண்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஆள் கொண்டுவந்தது.

"எதுடா நெசம்?"

"ரெண்டுந்தான் மாப்ள. ஓடியாந்தவன் மலைக்குத்தான ஓடுவான்? தொரையத்தான பாப்பான்?"

வத்தலக்குண்டு செட்டில் இதன் முதல் பாதியை மட்டும் திருப்பித் திருப்பி வாசிப்பார்கள். இரண்டாம் பாதியில் மேலே ஏறுகிற இடத்துக்கு அவர்கள் கிளாரினெட்காரருக்கு மூச்சு போதாது என்பது எங்கள் பேச்சு. பழனிக்காரர்கள் அதை நாதஸ்வரம் மாதிரி இழைப்பார்கள். பாடை ஒரு அடி வைப்பதற்குள் தூக்கியவனுக்குத் தோள் இறங்கிவிடும். தேனிப்பக்கம் தவிலைச் சேர்த்துக் குத்துப்பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். எல்லோருமே தங்களுடையதுதான் அசல் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்கள்.

எங்களுடையதற்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு. அது எப்படி வந்தது என்பதை எந்தக் கதையும் இல்லாமல் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் பிசகு என்னுடையது.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடையைத் திருப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டைப் பார்த்திருந்த முகம் அங்கே காட்டைப் பார்க்கத் திரும்பும். அன்றைக்குச் செத்தது ஒரு நடுவயதுப் பெண். திருப்பும் இடம் ஒரு சந்து முனை, இடமே இல்லை. நால்வரும் சுவரில் உரசிக்கொண்டு திருப்பிக்கொண்டிருக்கும்போது நோட்டு முடிந்தது. நான் முடிக்கிற அடியை ஓங்கி அடித்துவிட்டு நின்றேன். என் டிரம்மை நம்பி நடந்துகொண்டிருந்த கால்களும் நின்றன. ஒருவருடைய கால் அந்தரத்தில். பாடை சரிந்தது. அந்த அம்மாளின் கை மாலைக்குள்ளிருந்து நழுவி வெளியே தொங்கியது. மகள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் உண்டு.

அந்தோணி நோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கால்கள் முன்னால் போயிருக்கும், பாடை சுவரில் மோதியிருக்கும். அவன் ஒரே இடத்தில் சுற்றினான். நோட்டு இறங்கவேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே போய், இறங்காமல், மறுபடி மேலே ஏறி, மறுபடி வந்து, மறுபடி இறங்காமல். கண்ணால் என்னைக் குத்தினான். மெதுவாக அடித்தேன். கால்கள் நின்ற இடத்திலேயே அசைந்தன. மூன்று சுற்றில் பாடை நேரானது. அதன் பிறகுதான் நோட்டை இறக்கினான். எனக்கு உயிர் வந்தது.

"பாட்டு தீந்துபோச்சு, பாடை திரும்பல. நான் என்ன செய்ய?" என்றான் டீ குடிக்கும்போது. "இருக்கற துணிய வச்சு ஒட்டுப் போட்டேன். நீ இனிமே என் மூஞ்சியப் பாத்து அடி, மாடு மாதிரி முன்னாலயே பாக்காத."

அடுத்த சாவிலிருந்து அது நிரந்தரமானது. மற்ற செட்காரர்கள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். அவர்களுக்கு வராது. நோட்டை எங்கே இறக்கவேண்டும் என்பதைப் பாடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் அங்கேயும் நிலைக்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, கத்தாரில் சமையல்கூடம், பிறகு தோசை மாஸ்டர் விசாவில் இந்த ஊர். அடுப்பு ஒத்துக்கொள்ளாமல் போனபோது சுந்தர் சாரிடம் சேர்ந்தேன். அவர் ஐ.டி.யில் இருந்து, பிறகு கட்டடங்களைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் எடுத்தவர். எப்சம் வட்டாரத்தில் வீடு, அங்குள்ள நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக. தமிழ்ச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மில்லு சார்."

"திண்டுக்கல்ல எந்தப் பக்கம்?"

"டவுன்தான் சார்."

எந்தத் தெரு என்பது அடுத்த கேள்வி. அது வருவதற்குள் நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கடல் தாண்டி வந்தவனால் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

பிளாக்ஹவுஸ் பே மண்டபம் என் பொறுப்பு. சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு ஸ்காட்லாந்து பிடில் கூட்டம் கூடும். ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள், வட்டமாக நாற்காலி போட்டு வாசிப்பார்கள். போன வருடம் ஒரு சனிக்கிழமை நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தூக்கு நோட்டு ஆரம்பித்தது.

என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு, மாப்புக் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கதவு திறந்திருந்ததால் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார்கள். இயன் என்பவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், ஆறடிக்கு மேல். இது உனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சீட்டியடித்துக் காட்டினேன். முதல் பகுதி, இரண்டாவது, எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். மூன்றாவதுக்குப் போனேன். பிடில் வில்கள் மடியில் இறங்கின.

அதன் பிறகு பல சனிக்கிழமைகள் இயன் எனக்கு டீ போட்டுக் கொடுத்து அந்த மெட்டின் பூர்வீகம் சொன்னார். பீங்கான் கோப்பையில்தான் கொடுத்தார், சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு ஊரில் அதற்கு ஒரு பாலத்தின் பெயராம். அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு விதவையின் பெயர். இன்னொரு இடத்தில் பெயரே கிடையாது, பழசு என்றுதான் சொல்வார்களாம். தோல்பைக் குழல் ஊதுகிறவர்களிடம் ஒன்பது ஸ்வரம்தான் இருப்பதால் அவர்கள் மேலே ஏறுகிற இடத்தை மடக்கிக் கீழேயே முடித்துவிடுவார்கள். எனக்கு உடனே வத்தலக்குண்டு நினைவு வந்தது. கனடாவுக்குக் குடிபோனவர்கள் அதை அங்கே ஒரு மாதிரி வளர்த்து, அவர்களில் சிலர் கப்பலேறி இங்கே வடக்கே வைப்பூவில் வந்து இறங்கியபோது கையோடு கொண்டுவந்தார்கள். இயனின் தாத்தா தெற்கே ஒட்டாகோவில் வாசித்தது வேறு. "வைப்பூக்காரர்கள் தங்களுடையதுதான் அசல் என்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். "பாவம்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அதனால்தான் இன்னும் அதிகக் கோபம்.

ஒரு சனிக்கிழமை அவர் நோட்டுப்புத்தகத்தை விரித்துக்கொண்டு கேட்டார்: உங்கள் ஊரில் இதை எந்தச் சந்தர்ப்பத்தில் வாசிப்பீர்கள்? வாசலில் சுந்தர் சார் நின்றுகொண்டிருந்தார், தரையைப் பார்த்துப் போக வந்தவர். இதென்ன புதிதாக என்று காதைக் கொடுத்து நின்றார்.

"கல்யாணத்துக்கு" என்றேன்.

மூன்றாம் பகுதி யார் போட்டது? இது இயனின் அடுத்த கேள்வி.

கல்யாணம் என்று சொன்ன பிறகு பாடை எப்படி வரும், சந்து முனை எப்படி வரும்? அவை வராமல் அந்தோணி எப்படி வருவான்? "தெரியாது. பழசு" என்றேன். இயன் எழுதிக்கொண்டார். இரண்டு சொல். அந்தோணியை அழிக்க எனக்கு இரண்டு சொல்தான் தேவைப்பட்டது.

அதிலிருந்து இயன் ஒரு கட்டடமே கட்டிவிட்டார். இறங்காமல் சுற்றுவது பழைய ஸ்காட்லாந்துப் பாணியாம். அங்கே என்றோ தொலைந்துபோன மூன்றாம் பகுதி இந்தியாவில் பிழைத்திருக்கிறது என்று தங்கள் கூட்டத்தின் பத்திரிகையில் எழுதினார். சுந்தர் சார் தன் பங்குக்கு ஒன்று கட்டினார்.

"இது நோட்டுஸ்வரம் வகையறாங்க. அந்தக் காலத்துல அரண்மனை வித்வானுங்க கம்பெனிக்காரன் பேண்டைக் கேட்டு, மெட்டை எடுத்து, சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டாங்கல்ல? அந்த மரபு. மூணாவது பகுதி கண்டிப்பா ஒரு பெரிய வித்வான் போட்டதுதான். கேட்டாலே தெரியுது. நீங்க ஏன் இத்தனை நாளா சொல்லல?"

அவர் என்னைப் பார்த்து முதல் தடவையாகக் கும்பிட்டதும் அன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு இனித்தது. ஆண்டு விழாவில் பிடில்காரர்களோடு நானும் மேடையேற வேண்டும் என்றார். பெரிய டிரம் ஒன்றை இயன் எங்கிருந்தோ வாங்கிவந்தார். ஜிப்பா வந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை பகல். வடை, கேசரி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஓடிப்பிடித்து விளையாட்டு. மேடைக்குப் பின்னால் நிகழ்ச்சிநிரலைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் நிகழ்ச்சிக்குக் கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் நான்கு வரி. ஆங்கிலத்தில் தொலைந்துபோன ஸ்காட்லாந்துப் பகுதி. தமிழில் பெயர் தெரியாத அரண்மனை வித்வான். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு அந்த வித்வானின் உடைந்த பல் தெரிந்தது. சுந்தர் சாரிடம் போய், இதில் ஒரு பெயர் சேர்க்கணும் என்றேன். "பிரிண்ட் ஆயிடுச்சே, அடுத்த வருஷம் பாப்போம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சாதாரணமாகத்தான் தட்டினார்.

தொடங்கினோம். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, எல்லாம் சரியாகப் போயிற்று. என் கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. மூன்றாவதுக்குப் போகும்போது சுந்தர் சார் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கை தட்டுங்க! குட்டீஸ் எல்லாம் முன்னால வாங்க, ஆடுங்க, ரவுண்டு ரவுண்டா ஆடுங்க!" பிள்ளைகள் வந்து சுற்றினார்கள். முந்நூறு கைகள் தட்டின. இயன் மேலேயும் கீழேயும் பார்க்காமல், புத்தகத்தில் எழுதி வைத்திருந்தபடியே, மூன்று சுற்றை எண்ணி வாசித்துக்கொண்டிருந்தார். பாடை எங்கே இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை.

நான் அடிப்பதை நிறுத்தினேன். அன்றைக்கு மாதிரியே எல்லாம் தடுமாறி நின்றது.

மைக்குக்குப் போனேன். "இது கல்யாண நோட்டு இல்ல" என்றேன். "நான் பொய் சொன்னேன். இது பொணம் தூக்கும்போது வாசிக்கிறது. இந்தக் கடைசித் துண்டு பாடையத் திருப்புறதுக்காக அந்தோணின்னு ஒருத்தன் போட்டது. அரமனையும் கெடையாது, ஸ்காட்லாந்தும் கெடையாது. அந்தச் செட்டுல நான் டிரம் அடிச்சேன்."

சுந்தர் சார் ஓடிவந்து மைக்கைக் கையால் பொத்தினார். "என்ன பேசுறீங்க? எல்லாரும் ஃபேமிலியா வந்திருக்காங்க. சாவு மேளத்தையா இங்க வாசிக்க வச்சீங்க?" பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். குரல் இறங்கியது. "அப்ப நீங்க..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை யாருமே முடித்து நான் கேட்டதில்லை.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மன்னார் அக்கா ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏன் ஆளை மறிக்கிறியள்? கதைக்க விடுங்கோவன். எங்கட பக்கமும் செத்த வீட்டுக்கு பாண்ட் வாறதுதான். இஞ்ச சாகாமல் இருக்கப்போற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலிக்குக் கொண்டுபோனார்கள். நான் டிரம்மை இறக்கி வைத்தேன். மண்டபத்துச் சாவியை சுந்தர் சாரின் கையில் வைத்துவிட்டு நடந்தேன்.

இப்படித்தான் அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மேட்டில் ஒரு கார் பக்கத்தில் வந்து ஒதுங்கியது. இயன். கண்ணாடியை இறக்கினார். முகம் சிவந்திருந்தது. கோபம் எனக்கு மட்டும் சொந்தமானதா என்ன?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நான் எழுதிவிட்டேனே, ஸ்காட்லாந்து வரைக்கும் போய்விட்டதே, என் பெயரைப் போட்டு எழுதினேனே என்றார்.

"உங்கள் பெயர் அதில் இருக்கிறதல்லவா? அவன் பெயர்தான் இல்லை" என்றேன்.

பக்கத்து இருக்கையிலிருந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். பிறகு, சொல், இப்போது எழுதிக்கொள்கிறேன் என்றார். சந்து முனையைச் சொன்னேன். என் அடியைச் சொன்னேன், தொங்கிய கையைச் சொன்னேன். அவர் எழுத எழுத முகம் மாறியது. கடைசியில் நிமிர்ந்து, "நான் எழுதியதைவிட இது நல்ல கதை" என்றார். கார்க் கதவை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. மனதார நல்லவர், மனதாரச் சொன்னார். அவருக்கு அது ஒரு கதை.

முழுப்பெயர் என்ன என்று கேட்டார்.

அந்தோணி என்றேன். அந்தோணி, அப்புறம்? அவன் அப்பா பெயர் என்ன? இனிஷியல் என்ன? எத்தனையோ சாவுக்கு அவன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவனுடைய கல்யாணத்தில் வாசித்திருக்கிறேன், பத்திரிகையில் பெயர் அச்சாகியிருந்தது, நான் படிக்கவில்லை. "கிளாரினெட் அந்தோணி, திண்டுக்கல்" என்றேன். அப்படியே எழுதினார். இப்போது எங்கே இருக்கிறார் என்றார். செத்துட்டான் என்றேன். நான் கத்தாரில் இருந்தபோது.

அவருக்கு யார் வாசித்தார்கள் என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும், செட்டில் கார்னெட் ஊதியவன் போனில் சொல்லியிருந்தான். யாரும் வாசிக்கவில்லை. செட் அதற்குள் கலைந்துவிட்டது. கோட்டுகளை யாரோ நாடகக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தோணியை அமரர் ஊர்தியில் ஏற்றி, மேலே கட்டிய ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுப் போட்டுக் கொண்டுபோனார்கள். இப்போது எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். தோள் கொடுப்பது வாசலிலிருந்து வண்டி வரைக்கும், பத்து அடி. சந்து முனையில் டிரைவர் ரிவர்ஸ் எடுத்துக்கொள்கிறார். மூன்றாம் பகுதி எந்த வேலைக்காக உண்டாயிற்றோ அந்த வேலையே உலகத்தில் இல்லை. அதைச் செய்தவனும் இல்லை. அதைத் தெரிந்து வைத்திருந்தவன் கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டான்.

இயனிடம் "ஸ்பீக்கர்" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் விடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். திருத்தம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போடுவார். எழுத்து சின்னதாக, கடைசிப் பக்கத்தில்.

ரோஸ்கில்லில் என் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜிப்பா உடம்பிலேயே பாதி காய்ந்துவிட்டிருந்தது. கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி பாட்டனி டவுன்ஸ் போனேன். அங்கே கடைவளாகத்துக்கு டிராலி சேர்க்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மேற்பார்வைக்கு ஒரு டோங்காப் பெண்மணி, லூசி, என்னைவிடப் பெரிய தோள். ஒரு படிவத்தைக் கொடுத்தார். முன்பு செய்த வேலைகள் என்ற இடத்தில் கிளீனர், சமையல், கப்பல் பட்டறை என்று எழுதினேன். ஒரு கோடு மிச்சம் இருந்தது. மில் என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டு, பேண்டு செட், சாவுக்கு டிரம் அடிப்பது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்.

லூசி மேலிருந்து படித்துக்கொண்டே வந்து அந்தக் கோட்டில் நின்றார். எனக்கு நாற்பத்து ஒன்பது வயது.

"என்ன டிரம்?" என்றார்.

"பெரியது. கழுத்தில் மாட்டுவது."

"எங்கள் சர்ச்சில் பேண்டு இல்லாமல் யாரையும் புதைக்க மாட்டோம். என் மாமா டிராம்போன்." பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். "பெரிய டிரம் தூக்கினவர்களுக்கெல்லாம் இடுப்பு போய்விடும். உனக்கு எப்படி? இங்கே ஒரே தள்ளில் பதினைந்து டிராலி போகணும்."

அவ்வளவுதான். இருபது வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒளித்துவைத்த அந்தப் பதிலுக்கு உலகத்தில் இருந்த கேள்வி இடுப்பைப் பற்றியது. அங்கேயே அந்த மேஜையைக் கவிழ்க்கலாம் போல் கோபம் வந்தது, லூசி மேல் இல்லை.

"இடுப்புக்கு ஒன்றும் இல்லை" என்றேன். அது பொய். ஆனால் அதனால் யாருடைய பெயரும் அழியவில்லை. அன்றே எட்டு மணிக்கு மேல்தளத்து கார் நிறுத்தத்தில் டிராலி தள்ள ஆரம்பித்தேன்.